இரத்த அழுத்தம் சிறுநீரகத்தில் தழும்பாவது எப்படி? டிஜிஎஃப்-பீட்டா புரதம் செய்யும் இரண்டு வேலைகள்

'சிறுநீரகத்தைக் கெடுக்கும் புரதம் கண்டுபிடிப்பு' என்கிற மாதிரிச் செய்திகள் வருடத்துக்குச் சில முறையாவது கண்ணில் படுகின்றன. படிப்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் எழும். உயர் இரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இந்தப் புரதம் எங்கிருந்து வந்தது? புரதம்தான் காரணம் என்றால், அதை முடக்க ஒரு மருந்து செய்துவிட்டால் போதாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அப்படி ஒரு மருந்தைச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். பலன் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டால், இரத்த அழுத்தம் ஓரளவு கட்டுக்குள் இருப்பவருக்கும் மருத்துவர் ஏன் ஒரு குறிப்பிட்ட வகை மாத்திரையையே விடாமல் எழுதித் தருகிறார் என்பதும் புரியும்.

குளோமருலஸ்: அழுத்தத்திலேயே வாழும் தந்துகி

இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்து எடை போட்டால் சுமார் 300 கிராம்தான் இருக்கும். அந்தச் சின்ன உறுப்புகளுக்கு இவ்வளவு இரத்தம் எதற்கு என்றால், வடிகட்டத்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சுமார் 10 லட்சம் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் பந்துபோல் சுருண்டிருக்கும் தந்துகிக் கூட்டம் குளோமருலஸ். எல்லாக் குளோமருலஸ்களும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்குத் திரவத்தை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி சிறுகுழல்களில் திரும்ப உறிஞ்சப்பட, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

உடலின் மற்ற இடங்களில் தமனி, தந்துகி, சிரை என்ற வரிசையில் இரத்தம் ஓடும். குளோமருலஸில் தந்துகிக்கு முன்னாலும் ஒரு நுண்தமனி, பின்னாலும் ஒரு நுண்தமனி. முன்னால் இருப்பது உட்செல் நுண்தமனி, பின்னால் இருப்பது வெளிச்செல் நுண்தமனி. ஓர் ஏரிக்கு வரத்து வாய்க்காலும் மதகும் இருப்பதைப் போல இதை நினைத்துக்கொள்ளலாம். வரத்தைக் குறைத்தாலும் ஏரியின் மட்டம் இறங்கும். மதகைத் திறந்தாலும் இறங்கும். வரத்து மிகுந்திருக்கும்போது மதகையும் மூடினால் கரைக்கு ஆபத்து. வடிகட்டுவதற்கு அழுத்தம் வேண்டும் என்பதால், குளோமருலஸின் உள்ளே சாதாரண நிலையிலேயே 50 முதல் 60 மி.மீ. பாதரசம் வரை அழுத்தம் இருக்கிறது. வேறெந்தத் தந்துகியும் வழக்கமாக இவ்வளவைத் தாங்குவதில்லை.

நல்ல நிலையில் உள்ள சிறுநீரகம் இந்த அழுத்தத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும். தமனியில் அழுத்தம் ஏறினால் உட்செல் நுண்தமனி இறுகிக்கொள்ளும். அதனால் வெளியே சராசரி அழுத்தம் 80 இருந்தாலும் 160 இருந்தாலும் உள்ளே பெரிய மாற்றம் இருக்காது. பல ஆண்டுகள் நீடிக்கும் உயர் இரத்த அழுத்தத்தில் இந்தக் காவல் இரண்டு விதமாகத் தோற்கிறது. சில இடங்களில் நுண்தமனியின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, அதன் பின்னால் இருக்கும் நெஃப்ரான் இரத்தமில்லாமல் சுருங்குகிறது. வேறு சில இடங்களில் நுண்தமனி இறுகும் திறனை இழந்து, வெளி அழுத்தம் அப்படியே தந்துகிக்குள் இறங்குகிறது. செத்த நெஃப்ரான்களின் வேலையும் மிச்சமிருப்பவற்றின் தலையில் விழ, அவையும் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்து சீக்கிரமே தேய்கின்றன. 1980களில் பாரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் சிறுநீரக மருத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்று.

இவ்வளவும் வெறும் விசையின் கதை. ஆனால் நோய் முற்றிய சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது கிழிசலும் உடைசலும் அல்ல. கொலாஜன், ஃபைப்ரோநெக்டின் போன்ற நார்ப்புரதங்கள் அடர்ந்து, வடிகட்ட வேண்டிய இடத்தையும் சிறுகுழல்களுக்கு இடையிலான இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும் தழும்புதான் தெரியும். நார்ப்புரதம் தானாக வந்து படியாது. செல்கள் அதைத் தயாரித்துச் சுரக்க வேண்டும். அப்படிச் செய்யும்படி செல்களுக்கு யாரோ சொல்ல வேண்டும்.

சொல்வது யார்?

செல்களுக்கிடையே தகவல் கொண்டுபோகும் புரதங்களைச் சமிக்ஞைப் புரதங்கள் என்கிறோம். ஒரு செல் அதைச் சுரக்கும். இன்னொரு செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று உள்ள ஏற்பியில் அது போய் ஒட்டும். உடனே அந்தச் செல்லுக்குள் சில மரபணுக்கள் இயங்கும், சில அடங்கும். தழும்புக்கான சமிக்ஞைகளில் முதன்மையானது டிரான்ஸ்ஃபார்மிங் குரோத் ஃபேக்டர் பீட்டா, சுருக்கமாக டிஜிஎஃப்-பீட்டா. மனிதரிடம் இதற்கு மூன்று வகைகள் உண்டு. சிறுநீரகத் தழும்பில் பெரும்பங்கு முதல் வகைக்கு.

இது உடலுக்கு எதிரியாகப் படைக்கப்பட்ட புரதம் இல்லை. கையில் கத்தி பட்டால் காயம் ஆறுவதற்கு இதே டிஜிஎஃப்-பீட்டா வேண்டும். நார் நெய்யும் செல்களைக் கூப்பிட்டு, காயத்தை மூடச் சொல்லி, அழற்சியை அடக்குவது அதன் வேலை. காயம் ஆறியதும் சமிக்ஞை அடங்கிவிடும். இரத்த அழுத்தத்தின் காயம் அப்படி ஒரு நாளில் ஆறுவதில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் அதே இடத்தில் மறுபடி மறுபடி நேர்கிறது. எனவே சமிக்ஞை அடங்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

இன்னொரு விவரமும் முக்கியம். டிஜிஎஃப்-பீட்டா சுரக்கப்படும்போதே வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. ஒரு புரத உறைக்குள் மூடப்பட்ட நிலையில் வெளியே வந்து, செல்களுக்கு வெளியே உள்ள நார் வலையில் ஒட்டிக் காத்திருக்கிறது. இன்டெக்ரின் என்ற செல்மேற்பரப்புப் புரதங்கள் உறையை இழுத்துத் திறந்தாலோ, திராம்போஸ்பாண்டின் போன்றவை தளர்த்தினாலோதான் அது செயலுக்கு வரும். மூடிய வடிவம், திறந்த வடிவம் என்ற இந்த வேறுபாடு பின்னால் மிகவும் தேவைப்படும்.

அழுத்தத்திலிருந்து தழும்பு வரை

1. இழுபடுதல். அழுத்தம் ஏறினால் குளோமருலஸ் விரியும். தந்துகிகளை நடுவில் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் செல்கள் ஒவ்வொரு துடிப்பிலும் இழுபடும். 1990களில் இந்தச் செல்களைத் தனியே வளர்த்து, வளையும் ரப்பர்ப் பரப்பில் வைத்து, துடிப்புக்கு ஏற்ப இழுத்து விட்டுப் பார்த்தார்கள். அங்கே இரத்தமும் இல்லை, உடலும் இல்லை. இழுத்ததற்கே அவை கூடுதலாக டிஜிஎஃப்-பீட்டாவையும் கொலாஜனையும் தயாரித்தன. விசை வேதிச் செய்தியாக மாறும் இடம் இது.

2. ஆஞ்சியோடென்சின். இரத்த ஓட்டம் குறைந்ததாக உணரும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. 1898இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் டீகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த அதே ரெனின்தான். அதன் தொடர்விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2 இரத்தக் குழாய்களை இறுக்கும். குறிப்பாக வெளிச்செல் நுண்தமனியை இறுக்கும். மதகு மூடி உள் அழுத்தம் ஏறும். கூடவே அது மெசாஞ்சியல் செல்களிலும் சிறுகுழல் செல்களிலும் டிஜிஎஃப்-பீட்டா சுரப்பை நேரடியாகவே தூண்டுகிறது. அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனே தழும்புக்கான ஆணையையும் பிறப்பிக்கிறது.

3. உப்பு. அமெரிக்காவில் பால் சாண்டர்ஸ் குழுவினர் எலிகளுக்கு மிக அதிக உப்பு உணவு கொடுத்துப் பார்த்தபோது, இரத்த அழுத்தம் ஏறாத எலிகளிலும் இரத்தக் குழாய்களிலும் குளோமருலஸ்களிலும் டிஜிஎஃப்-பீட்டா கூடியது. 'எனக்கு பிரஷர் நார்மல், உப்பு சேர்த்தால் என்ன' என்று கேட்பவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் சொல்லத் தோன்றுகிறது. எலிக்குக் கொடுத்த அளவு நம் சாப்பாட்டு அளவைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

4. செல்லுக்குள். உறை திறந்த டிஜிஎஃப்-பீட்டா ஏற்பியில் ஒட்டியதும், ஸ்மாட்-2, ஸ்மாட்-3 என்ற இரண்டு தூதுப் புரதங்கள் தூண்டப்படுகின்றன. அவை ஸ்மாட்-4 உடன் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து கொலாஜன் மரபணுக்களை இயக்குகின்றன. கூடவே பிஏஐ-1 என்ற புரதமும் கூடுகிறது. அது, பழைய நாரைக் கரைக்கும் நொதிகள் உருவாகாமல் தடுக்கும். ஆக, புது நார் சேர்கிறது. பழைய நாரும் போவதில்லை. இதைத் தணிக்க ஸ்மாட்-7 என்று ஒரு தடைப் புரதம் செல்லுக்குள்ளேயே உண்டு. தழும்பேறும் சிறுநீரகத்தில் அதன் அளவு குறைந்துவிடுகிறது.

5. வடிகட்டியின் ஓட்டை. குளோமருலஸின் வெளிப்பக்கத்தைப் பாதங்கள் போன்ற நீட்சிகளால் பற்றியிருக்கும் போடோசைட் செல்களை டிஜிஎஃப்-பீட்டா சாகடிக்கிறது. அவை எளிதில் புதிதாக உருவாவதில்லை. அவை உதிர்ந்த இடத்தில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் சிறுநீரில் கசிகிறது. கசியும் ஆல்புமினை உறிஞ்ச முயலும் சிறுகுழல் செல்கள் நைந்து, அவையும் அழற்சிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. மேலே தொடங்கிய சேதம் இப்படிக் கீழே இறங்குகிறது.

நெஃப்ரான்கள் குறையக் குறைய உப்பை வெளியேற்றும் திறனும் குறையும். உடலில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் இன்னும் ஏறும். அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றுகிறது. லூயிஸ் டால் உருவாக்கிய, உப்புக்கு அழுத்தம் ஏறும் எலி வகையில் இது நன்றாகத் தெரிந்தது. 2002இல் அந்த எலிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது, சிறுநீரில் புரதக் கசிவும் குளோமருலஸ் தழும்பும் குறைந்தன. இரத்த அழுத்தமும் குறைந்தது. புரதத்தைத் தொட்டால் அழுத்தமே மாறுகிறது என்பதால், 'அழுத்தம் காரணம், தழும்பு விளைவு' என்ற ஒருவழிக் கணக்கு போதாது என்று தெளிவானது.

புரதம்தான் என்று எப்படி உறுதியானது?

ஒரு பொருள் நோயுள்ள இடத்தில் நிறைய இருக்கிறது என்பதால் மட்டும் அதுவே காரணம் ஆகிவிடாது. அதைத் தடுத்தால் நோய் குறைய வேண்டும், அதைக் கூட்டினால் நோய் வர வேண்டும். டிஜிஎஃப்-பீட்டாவில் இரண்டும் செய்து பார்க்கப்பட்டன.

1990இல் வேய்ன் பார்டர், எர்க்கி ருவோஸ்லாட்டி ஆகியோரின் குழு, குளோமருலஸ் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டா எதிர்ப்புச் சீரம் கொடுத்து நார் படிவதைக் குறைத்துக் காட்டியது. பிறகு, கல்லீரலில் மட்டும் செயல்வடிவ டிஜிஎஃப்-பீட்டா கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. சுரந்தது கல்லீரலில், இரத்தத்தில் கலந்து வந்து தழும்பேற்றியது குளோமருலஸை. இந்த இரண்டும் சேர்ந்தபோது, இதை முடக்கும் மருந்து சிறுநீரக நோயை நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் வந்தது. அன்றைய நிலையில் அது நியாயமான நம்பிக்கையே.

முடக்கினால் என்ன ஆகும்?

1992இல் வேறொரு சோதனையின் முடிவு வெளிவந்தது. டிஜிஎஃப்-பீட்டா-1 மரபணுவே இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் சில வாரங்களில் இறந்தன. இதயம், நுரையீரல் உட்படப் பல உறுப்புகளில் கட்டுக்கடங்காத அழற்சி பரவியிருந்தது. தழும்பை உண்டாக்கும் புரதமே நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் புரதமுமாக இருந்தது. மூடிய வடிவத்தை உடலில் கூடுதலாக வைத்திருந்த சுண்டெலிகளுக்குச் சிறுநீரகச் சேதம் குறைவாக இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. திறந்த வடிவம் கூடினால் தழும்பு, மூடிய வடிவம் கூடினால் பாதுகாப்பு.

மனிதரிடம் நடந்த சோதனைகளில் பெரியது 2017இல் வெளியானது. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, ஏற்கெனவே ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரை எடுத்துவந்த 416 பேருக்கு, டிஜிஎஃப்-பீட்டா-1க்கு எதிரான எதிர்ப்பொருளோ வெற்று ஊசியோ போடப்பட்டது. பலன் கிடைக்கப்போவதில்லை என்று இடையிலேயே தெரிந்து சோதனை நிறுத்தப்பட்டது. மூன்று வகைகளையும் ஒருசேர முடக்கும் வேறொரு எதிர்ப்பொருளைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது சிலருக்குத் தோலில் கட்டிகள் முளைத்தன. தோல் செல்கள் அளவுமீறிப் பெருகாமல் தடுப்பதும் இந்தப் புரதத்தின் வேலை என்பதால் இது எதிர்பாராதது அல்ல.

தோல்விக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் வலுவானவையாக எனக்குப் படுபவை:

1. தழும்பைக் குறைத்தாலும் அழற்சியின் கடிவாளம் தளர்கிறது. ஒரு கையால் கொடுத்த நன்மையை மறு கை பறித்துக்கொள்கிறது.

2. ஆஞ்சியோடென்சின்-2 டிஜிஎஃப்-பீட்டாவின் துணையில்லாமலேயே வேறு பாதையில் ஸ்மாட் புரதங்களைத் தூண்டவல்லது. வாசலை அடைத்தாலும் கொல்லைப்புறம் திறந்திருக்கிறது.

3. எலிச் சோதனைகளில் மருந்து நோயின் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டது. மனிதருக்குக் கொடுத்தபோது தழும்பு ஏற்கெனவே ஏறியிருந்தது.

நல்ல வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது

புரதத்தை முழுதாக முடக்காமல், அதை அளவுக்குமேல் தூண்டும் ஆஞ்சியோடென்சினைத் தடுத்தால் என்ன? எனாலாபிரில், ராமிபிரில் போன்ற 'பிரில்' மாத்திரைகள் ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைத் தடுக்கின்றன. லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற 'சார்ட்டான்' மாத்திரைகள் அது ஏற்பியில் ஒட்டுவதைத் தடுக்கின்றன. இவை மூன்று நன்மைகள் தருகின்றன: உடலின் இரத்த அழுத்தம் இறங்குகிறது, வெளிச்செல் நுண்தமனி தளர்ந்து குளோமருலஸின் உள் அழுத்தம் தனியாக இறங்குகிறது, டிஜிஎஃப்-பீட்டாவுக்கான தூண்டுதல் குறைகிறது. காயம் ஆறுவதற்கும் அழற்சியை அடக்குவதற்கும் வேண்டிய டிஜிஎஃப்-பீட்டா மிச்சமிருக்கிறது.

அழுத்தம் குறைவதைத் தாண்டியும் பலன் உண்டா என்பதற்கு இரண்டு பெரிய சோதனைகள் பதில் தந்தன. 2001இல் வெளியான ஐடிஎன்டி, நீரிழிவுச் சிறுநீரக நோயுள்ள 1,715 பேரிடம் நடந்தது. இர்பசார்ட்டான் எடுத்தவர்களுக்கும், வேறு வகை இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் எடுத்தவர்களுக்கும் இரத்த அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனாலும் சிறுநீரகம் மோசமாவது, செயலிழப்பது, மரணம் ஆகியவற்றைச் சேர்த்த கணக்கில் இர்பசார்ட்டான் பிரிவின் ஆபத்து 23 சதவீதம் குறைவு.

நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது ஆஸ்க் என்ற அமெரிக்கச் சோதனை. உயர் இரத்த அழுத்தத்தோடு சிறுநீரகப் பாதிப்பும் உள்ள, நீரிழிவு இல்லாத 1,094 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அதில் பங்கேற்றனர். அழுத்தத்தை மிகவும் குறைத்த பிரிவுக்கும் வழக்கமான அளவில் வைத்த பிரிவுக்கும் சிறுநீரகம் தேயும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எந்த மாத்திரை என்பதில்தான் வித்தியாசம் இருந்தது: ராமிபிரில், அதில் ஒப்பிடப்பட்ட வேறு இரண்டு வகை இரத்த அழுத்த மருந்துகளைவிடச் சிறுநீரகத்தை நன்றாகக் காத்தது. ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இவர்களில் பலருக்கு ஏபிஓஎல்-1 என்ற மரபணுவின் சில வடிவங்களும் காரணமாக இருந்தன என்று பிறகு தெரிந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் வடிவங்கள் அவை. எனவே ஆஸ்க் முடிவுகளை அப்படியே எல்லா மக்களுக்கும் பொருத்துவதில் கவனம் வேண்டும்.

அண்மைக்கால மருந்துகளும் இதே சங்கிலியின் வேறு கண்ணிகளைப் பிடிக்கின்றன. அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனும் தழும்பைத் தூண்டுகிறது. அதைத் தடுக்கும் ஃபினரினோன், நீரிழிவோடு கூடிய சிறுநீரக நோயில் பலன் தருவதாக 2020இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டு வெளியான, 4,304 பேரிடம் நடந்த டாப்பா-சிகேடி சோதனையில், சர்க்கரை நோய்க்கென்று வந்த டாப்பாகிளிஃப்ளோசின் நீரிழிவு இல்லாதவரின் சிறுநீரகத்தையும் காத்தது. அது உட்செல் நுண்தமனியை இறுக்கி வரத்தைக் குறைக்கிறது.

'பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்' என்ற பயம்

இந்தப் பேச்சு நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு டயாலிசிஸ் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேதனை தருகிறது. பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. பிரில், சார்ட்டான் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) சற்று ஏறலாம். உள் அழுத்தம் இறங்கியதால் வடிகட்டும் வேகம் கொஞ்சம் குறைந்ததன் அடையாளம் அது. ஏற்றம் 30 சதவீதத்துக்குள் நின்றால் பொதுவாக மாத்திரையைத் தொடரவே வேண்டும். அதைத் தாண்டினாலோ பொட்டாசியம் மிகவும் ஏறினாலோ மருத்துவர் அளவை மாற்றுவார், அல்லது சிறுநீரகத் தமனியில் அடைப்பு உள்ளதா என்று பார்ப்பார்.

கவனம் வேண்டிய இடங்கள் வேறு. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரைகள் கூடாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வறண்டிருக்கும்போது தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள், குறிப்பாக டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை, இவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைச் சட்டென்று பாதிக்கலாம். பிரில் ஒன்று, சார்ட்டான் ஒன்று என்று இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்காதா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது: 2008இல் வெளியான ஆன்டார்கெட் சோதனையில் ராமிபிரிலும் டெல்மிசார்ட்டானும் சேர்த்து எடுத்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கூடியது.

எந்தப் பரிசோதனை, எப்போது?

ஏறிய தழும்பை இன்றைய எந்த மாத்திரையும் கரைத்து எடுப்பதில்லை. மேலும் ஏறுவதைத்தான் தாமதப்படுத்துகின்றன. எனவே எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. கிரியேட்டினின் ஒன்றை மட்டும் பார்த்தால் தாமதமாகிவிடும். வடிகட்டும் திறன் கணிசமாகக் குறைந்த பிறகும் அது 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நிற்கலாம். ஆல்புமின் கசிவு அதற்கு முன்பே தெரியும்.

உயர் இரத்த அழுத்தம் என்று தெரிந்த அன்றே இரண்டு பரிசோதனைகளைக் கேட்டு வாங்க வேண்டும்: கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு), சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். இரண்டாவதற்குக் காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது. விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 300ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் இது தற்காலிகமாக ஏறும் என்பதால், ஒரு முறை கூடுதலாக வந்தால் மூன்று மாதத்துக்குள் மீண்டும் பார்த்து உறுதிசெய்துகொள்வார்கள்.